வலப்பக்கப் பெட்டி

ஜனவரி 6, திங்கள்

பயிற்சி தொடங்கியாயிற்று. கடைசி ஆண்டின் கடைசிப் பாதி முழுக்க இனி வகுப்பே கிடையாது. உட்கார்ந்து படித்தது போதும், வேலை நடக்கிற இடத்தில் நின்று படியுங்கள் என்று எங்களை ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டார்கள். எனக்கும் நெட்டைக்கும் விழுந்தது குஞ்சு பொரிப்பகம். நெட்டை என் வகுப்புத் தோழன். எந்த வாசலிலும் தலை இடிக்காமல் அவன் உள்ளே நுழைந்து நான் பார்த்ததில்லை. இன்றும் இடித்துக்கொண்டான்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கோழியியல் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரே சிரிக்கிற இந்தப் படிப்பில் நான் ஒட்டிக்கொண்டு இருப்பதற்கு ஒரே காரணம், இரண்டாம் ஆண்டில் ஒரு முட்டையைத் திறந்து காட்டினார்களே, அதுதான். அடைவைத்து மூன்றே நாளான முட்டை. உள்ளே கோழியும் இல்லை, குஞ்சும் இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். அது துடித்தது. உடம்பு வருவதற்கு முன்பே இதயம் வந்துவிடுகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இன்குபேட்டர்தான் என் இடம் என்று.

ஆனால் முதலில் எல்லோரும் குஞ்சு பிரிக்கும் அறையில் உட்கார வேண்டுமாம். அந்த அறைக்குத் தலைவி கண்ணாடி அக்கா. சோடாபுட்டிக் கண்ணாடி, அதற்குப் பின்னால் சின்னச் சின்னக் கண்கள். என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார், காய்கறி வாங்குகிறவர் மாதிரி. "விரல் நல்லா மெலிசா இருக்கு பாப்பா. பாக்கலாம்" என்றார்.

சரி. சில நாள்தானே.

ஜனவரி 9, வியாழன்

திங்களும் வியாழனும் குஞ்சு பொரிக்கிற நாட்கள். இன்று முதன்முதலாக விளக்கடியில் உட்கார்ந்தேன்.

தலைக்குமேல் கண்கூசும் விளக்கு. முன்னால் தட்டு நிறையப் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள், மஞ்சளாகக் கத்திக்கொண்டு. இடக்கையில் ஒன்றை எடுக்க வேண்டும், தலைகீழாகப் பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் வாலடியை மெல்ல விரிக்க வேண்டும். அங்கே கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு மொட்டு தெரிந்தால் அது சேவல். தெரியாவிட்டால் பெட்டை. பெட்டை இடப்பக்கப் பெட்டிக்கு, சேவல் வலப்பக்கப் பெட்டிக்கு. அடுத்தது. அடுத்தது. அடுத்தது.

இடப்பக்கப் பெட்டி வண்டியேறிப் பண்ணைகளுக்குப் போகிறது. இது முட்டைக்கோழி இனம். சேவல் முட்டையிடாது, கறிக்கும் தேறாது. ஆகவே வலப்பக்கப் பெட்டி ஒரு ஓடும் பட்டையில் கவிழ்கிறது. பட்டை சுவரில் இருக்கும் ரப்பர்த் திரைக்குள் நுழைகிறது. திரைக்குப் பின்னால் இயந்திரம்.

பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. நானும் அதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"ஒரு நொடிகூட ஆகாது. அதுக்கு எதுவும் தெரியாது" என்றார் கண்ணாடி அக்கா, நான் திரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "கைய மட்டும் கொண்டு வா பாப்பா. மத்ததெல்லாம் வீட்ல வெச்சுட்டு வா."

கையில் இருக்கும்போது அது கத்துவதை நிறுத்துகிறது. கதகதப்புக்கு. அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போனேன். வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

இன்று சோதனை. நானும் நெட்டையும் பிரித்த பெட்டிகளைக் கண்ணாடி அக்கா மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெட்டையின் இடப்பக்கப் பெட்டியில் பாதிக்குப் பாதி சேவல். "இதுக்கு நீ காசைச் சுண்டிப் போட்டுப் பிரிச்சிருக்கலாம்" என்று அவனைத் திட்டினார். அவன் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் அளவு, பாவம் என்ன செய்வான்?

என் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுகூட தப்பில்ல" என்றார். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தக் கண் வருவதற்குச் சிலருக்கு வருடக்கணக்காகும், சிலருக்கு வரவே வராது என்றார் மேலாளர். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றில் நான் முதல்.

மாலையில் தகவல் வந்தது. நெட்டை பிரிப்பதற்கு லாயக்கில்லை, எனவே அவனை இன்குபேட்டர் அறைக்கு மாற்றுகிறார்கள். நான் இங்கேயே.

அதாவது — சரியாகச் செய்யாதவனுக்கு நான் கேட்ட இடம். சரியாகச் செய்தவளுக்கு விளக்கு. இதற்கு என்ன பெயர்?

பிப்ரவரி 2, ஞாயிறு

வீடு.

அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். நாள் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குவதால் எங்கள் வீட்டுச் செய்தி இந்த ஊரில் நாலு தெருவுக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. என் சோதனை விஷயம் ஏற்கெனவே மூன்று தெரு தாண்டிவிட்டது. "பொண்ணு கையில பட்டா போதும், ஆணா பொண்ணானு சொல்லிடுமாமே" என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே கேட்டார். அவர் மருமகள் மாசமாக இருக்கிறாள். அவளைப் பார்த்துச் சொல்லச் சொல்வாரோ என்று பயந்து உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

அண்ணன் முன்னறையில் அவன் நாற்காலியில். படிப்பு முடிந்து மூன்று வருடமாகிறது. கல்லூரியில் அவனுக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்: எப்படிக் கை குலுக்குவது, எப்படிச் சிரிப்பது, எப்படி உட்காருவது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு வேலையைச் செய்வது எப்படி என்று. எத்தனையோ நேர்முகத் தேர்வுக்குப் போனான். எல்லா இடத்திலும் நன்றாகச் சிரித்தான். இப்போது சிரிப்பதே இல்லை. அந்தத் தேய்த்த சட்டை மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

சாப்பிடும்போது, கை ஒரு நொடி நின்றால் கண்ணாடி அக்கா திட்டுவதை அம்மாவிடம் சொன்னேன். "விடு கண்ணு. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்றார் அம்மா.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தக்காளி நறுக்கித் தரச் சொன்னார் விடுதிச் சமையற்காரம்மா. எடுத்தேன். எடுத்தவுடன் என் இடக்கை அதைத் தலைகீழாகத் திருப்பியது, கட்டைவிரல் அடியில் போய் நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. கை செய்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலாளரிடம் போய்க் கேட்டே விட்டேன். "சார், நான் இன்குபேட்டர் பக்கம் கொஞ்ச நாள் கத்துக்கலாமா?"

"ஏம்மா, அங்க எவன் வேணும்னாலும் நிக்கலாம். உன் கை அப்படியா?" என்றார். கோபமே இல்லை. அதுதான் பிரச்சினை. கோபப்பட்டால் நானும் கோபப்படலாம். இவர்கள் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே நகர விடாமல் செய்கிறார்கள்.

பிறகு கல்லூரிக்குப் போனேன். வேலைவாய்ப்புப் பிரிவில் டை இருந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார், அதனால் அந்தப் பெயர். இடம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"இங்க பாரும்மா. ஒவ்வொரு வருஷமும் முப்பது பேரை வெளிய அனுப்புறேன். டீ வாங்கிட்டு வரச் சொல்றாங்க, ஜெராக்ஸ் எடுக்கச் சொல்றாங்கன்னு அழுதுட்டு வருவாங்க. நிஜமான வேலைய, கையில குடுத்துக் கத்துக்குடுக்கறது இதுவரைக்கும் உனக்கு மட்டும்தான் நடந்திருக்கு. அதுக்கு நீ அழுறியா?"

அழவில்லை என்றேன். அவர் சொன்னது உண்மையும்கூட.

வரும் வழியில் நெட்டையைப் பார்த்தேன். இருட்டறையில் முட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தானாம். உள்ளே ரத்தக்குழாய்கள் சிலந்திவலை மாதிரி விரிந்திருந்ததாம். "ஒரே போர்" என்றான். அவனை அங்கேயே ஓங்கி அறையலாம் போல இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று ஒரு திட்டத்தோடு போனேன். தப்பாகப் பிரிப்பது. நெட்டை மாதிரி பாதிக்குப் பாதி. அப்போது தானாக அனுப்பிவிடுவார்கள்.

உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்தேன். சேவல். இடப்பக்கப் பெட்டியில் போட்டேன். அவ்வளவுதான், ரொம்பச் சுலபம். அது மற்ற குஞ்சுகளுக்கு நடுவே எழுந்து, தள்ளாடி, ஒன்றின் மேல் ஏறி நின்றது.

அடுத்தது பெட்டை. இதை வலப்பக்கம் போட வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் அதுதானே கணக்கு? இதை நான் முன்பே யோசிக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

சரி, சேவலை மட்டும் இடப்பக்கம் போடுவோம் என்று அடுத்ததை எடுத்தேன். ஆனால் எங்கே போகும் அவை? பண்ணைக்குப் போய், கொண்டை முளைத்து, ஒரு நாள் கூவும். கூவிய அன்றே பண்ணைக்காரர் கழுத்தைத் திருகுவார். எங்கள் அறை பெயர் கெடும், கண்ணாடி அக்கா தலை உருளும். நான் காப்பாற்றியது யாரை? சில வாரங்களை.

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன், பார்த்தால் கை தன் பாட்டுக்குச் சரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. இடம், வலம், வலம், இடம். மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். தப்பாகப் போட்ட அந்த ஒன்றைத் தேடினேன். கூட்டத்தில் எது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவேன்.

எடுத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

வேலை கொடுத்துவிட்டார்கள்.

நான் கேட்கவில்லை. விண்ணப்பிக்கவில்லை. மேலாளர் நேரே டையிடம் பேசி, டை நேரே அப்பாவிடம் பேசி, என்னிடம் வந்து சேரும்போது அது முடிந்துபோன விஷயம். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் சேர வேண்டும். எங்கள் வகுப்பிலேயே முதல் வேலை. கல்லூரி வாசலில் என் படத்தை ஒட்டிவிட்டார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், கண் பாதி மூடியிருக்கிறது.

அப்பா போனில் என் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு, "சாப்டியாம்மா?" என்றார். அம்மா போனைப் பிடுங்கி, "மீட்டரே பாக்காம தெரு பூரா சொல்லிட்டு வந்திருக்காரு உங்கப்பா. நாளைக்கு மறுபடி போகணும் அத்தன வீட்டுக்கும்" என்று சிரித்தார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எந்த வாயால்?

கண்ணாடி அக்கா சாயங்காலம் என் தோளைத் தட்டினார். அவர் தட்டி நான் பார்த்ததில்லை. "என் கண்ணு மங்கிட்டே வருது. நீ வந்தா என்னை ஆபீஸ்ல உக்கார வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. நீ நல்லா இருப்ப" என்றார்.

இப்போது இவரும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

புலி வாலைப் பிடித்த கதை. புலி என்னைக் கொஞ்சுகிறது, அது வேறு.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அப்பா இனிப்பு வாங்கி வந்திருந்தார். டப்பாவை அண்ணனிடம் நீட்டினார். அவன் ஒன்று எடுத்துக்கொண்டு, "வாழ்த்துகள்" என்றான் என்னைப் பார்க்காமல். அதோடு விட்டிருக்கலாம் அப்பா.

"உன் தங்கச்சியப் பாத்தாவது புத்தி வரட்டும். பொம்பளப் புள்ள, கோழி புடிச்சாவது சம்பாதிக்கப் போகுது. நீ சட்டையத் தேச்சுத் தேச்சு மாட்டு."

அண்ணன் எழுந்து போகவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. அந்த இனிப்பை மெதுவாகத் தின்று முடித்தான். ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் எழுத முடியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "ப்பா, அந்த வேலை..." என்று. "என்னம்மா?" என்று திரும்பினார். அப்படி மலர்ந்த ஒரு முகம். அந்த முகத்தை நான் எங்கள் வீட்டில் பல வருடமாகப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று கல்லூரியில் இளைய மாணவர்களுக்கான நாள். பயிற்சிக்குப் போனவர்கள் மேடையேறிப் பேச வேண்டும். டை என்னைக் கடைசிக்கு வைத்திருந்தார், வாணவேடிக்கை மாதிரி. கூண்டில் சில குஞ்சுகளைக்கூட வரவழைத்திருந்தார். நான் எடுத்து, திருப்பி, பார்த்து, "பெட்டை... சேவல்... சேவல்..." என்று சொல்லச் சொல்லக் கைதட்டல். யாரோ கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கேள்வி நேரம். எத்தனை நாளில் கற்றீர்கள், கண் வலிக்காதா, இதெல்லாம்தான். அப்போது முதல் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். ரெட்டைச் சடை. "அக்கா, சேவல் குஞ்செல்லாம் எங்க போகும்?"

ஒன்றுமறியாத கேள்வி. இத்தனை நாளில் இதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, தெருவே கேட்கவில்லை.

டை தன் மைக்கோடு குறுக்கே வந்தார், "அது வேற பிரிவும்மா..." என்று. நான் என் மைக்கில் சொன்னேன். பட்டை, ரப்பர்த் திரை, இயந்திரம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, நாலே வாக்கியம். பிறகு என் வாயிலிருந்து தானாக வந்தது: "நான் ரொம்ப நல்லாச் செய்வேன். அதான் எனக்குத் தாங்கல."

கூண்டில் இருந்தவை மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

முடிந்தது. வேலை போயிற்று. இறங்கி வரும்போது, எத்தனையோ வாரம் கழித்து மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

மார்ச் 10, திங்கள்

போகவில்லை வேலை!

பயந்துகொண்டே போனேன். மேலாளர் கூப்பிட்டார். கைபேசியில் எடுத்த அந்த மேடைப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார். "ஏம்மா, ஊருக்கே தெரிஞ்ச விஷயம். முட்டை திங்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான். நீ சொன்னதுல என்ன தப்பு? எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஏப்ரல்ல வந்து சேரு" என்று சிரித்தபடியே தேநீர் சொன்னார்.

அந்தத் தேநீரைக் குடித்தேன். குடித்துவிட்டு விளக்கடியில் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் அத்தனை பேர் முன்னால் கத்தியும் கதவு திறக்கவில்லை. ஏனென்றால் பூட்டவே இல்லை போலிருக்கிறது. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. "வேண்டாம்" என்று நான்தான் சொல்ல வேண்டும். அவர்களாகத் துரத்த வேண்டும் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோழை.

மார்ச் 12, புதன்

அரைநாள் விடுப்பில் வீட்டுக்குப் போனேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைக்கு. அண்ணன் மட்டும் இருந்தான். நான் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மேடைல பேசினதப் பாத்தேன்" என்றான் அவனாகவே. "யாரோ அனுப்புனாங்க."

"அப்பா?"

"அவருக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் பாத்திருக்க மாட்டாரு. கைதட்டுற வரைக்கும்தான் எல்லாருக்கும் காட்டிட்டு இருக்காரு."

சிரித்தேன். அப்புறம் அழுதேன். சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், ஆனால் சொன்னால் அப்பா உன்னை இன்னும் மோசமாகப் பேசுவார், ரெண்டு பேரையும் சேர்த்துப் பேசுவார் என்று.

"என்னை இழுக்காத இதுல" என்றான். கடுமையாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு வேணாம்னு சொல்றதுக்காவது ஒண்ணு வந்திருக்கு. வேணாம்னு சொல்லு. எனக்கு அதுகூட வரல" என்றான்.

நாற்காலிக் கையில் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அவன் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தான்.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். "எனக்கு வேண்டாம் சார். பயிற்சி முடிஞ்சதும் நான் வரல."

மேலாளர் ஏன் ஏன் என்று கேட்டார். இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னேன். காரணம் சொல்லப்போனால் அவர் பதில் சொல்வார், நான் மாட்டிக்கொள்வேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

கண்ணாடி அக்கா என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீ மட்டும் சுத்தமாப் போற. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். கேட்டார். வைத்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே பேசுகிறார். அம்மாதான் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக. "ஏன் கண்ணு, ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்கலாம்ல" என்றார் அடுப்படியில், மெதுவாக. இருந்திருக்கலாம்தான். அந்தக் கை ஒரு வருடத்தில் என்னை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்ல?

கல்லூரி வாசலில் என் படத்தை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். "அந்தக் கோழிக்குஞ்சு வேலை... அதை எனக்குச் சொல்லித் தர்றியா?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. போன வாரம் அவனே பொரிப்பகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அந்தத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொள்ளாமல். கண்ணாடி அக்கா அவன் கையைப் புரட்டிப் பார்த்து, "தங்கச்சி விரல்" என்றாராம். கற்றுக்கொள்ளட்டும், தேறினால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

"அண்ணா, வேணாம்ணா. அங்க வலப்பக்கம் —"

"தெரியும். நீதான் மைக்ல சொன்னியே."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னான், "மூணு வருஷமா நான் எந்தப் பக்கப் பெட்டின்னு எவனும் சொல்லல. சும்மா தட்டுலயே வெச்சிருக்காங்க. நான் வெளிய போகணும் குட்டி. எங்கயாவது. எதுவா இருந்தாலும்."

எதுவா இருந்தாலும். நான் அந்த அறையை விட்டு வெளியே வருவதற்கு என்ன பாடுபட்டேன்! அதே அறை இவனுக்கு வெளியே போகிற வழி.

மறுத்தேன். கெஞ்சினான். இல்லை, கெஞ்சவில்லை, நின்றான். அப்படியே நின்றுகொண்டிருந்தான். கடைசியில் அவன் இடக்கையைப் பிடித்து விரலை எப்படி வளைக்க வேண்டும் என்று காட்டினேன். கட்டைவிரல் எங்கே, அழுத்தம் எவ்வளவு. சுருட்டிய காலுறையை வைத்துத்தான். அவன் கை வியர்த்திருந்தது.

சரியாகச் செய்தேனா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பயிற்சி முடிந்தது. கடைசி மூன்று நாள் மேலாளர் என்னை இன்குபேட்டர் அறைக்கு விட்டார், இனி என் கையால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லையே. நெட்டை எனக்கு எல்லாவற்றையும் பெரிய மனுஷன் மாதிரி விளக்கினான். வெப்பம் கொஞ்சம் ஏறியதை அவனுக்கு முன்னால் நான் கவனித்தேன். "நீ இங்கயே இருந்திருக்கணும்டி" என்றான். அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே. மனசார வாழ்த்தினேன். முக்கால் மனசார.

டையிடம் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். பேசமாட்டார் என்று பார்த்தால், "அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு பயிற்சிக்கு எங்க போறதுன்னு இப்பவே வந்து கேக்குது. எல்லா எடத்துலயும் என்ன நடக்குதுன்னு முதல்லயே சொல்லணுமாம். உன்னால எனக்கு வேலை கூடிப்போச்சு" என்றார். டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். அதுவரை அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை நான்.

மே 8, வியாழன்

கோழி நோய் ஆய்வகம் ஒன்றில் தற்காலிக வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, தட்டுகளில் கிருமி நீக்குவது. அதற்குமேல் எதையும் தொட விடுவதில்லை. கழுவக் கழுவ விரல் வெளுத்துப்போகிறது. இங்கே யாருக்கும் என் கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிம்மதியாக இருக்கிறது, கொஞ்சம் அவமானமாகவும்.

ஜூன் 16, திங்கள்

அண்ணனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. என் அளவுக்கு வேகம் இல்லையாம், ஆனால் பொறுமை அதிகமாம். கண்ணாடி அக்கா அலுவலக அறைக்குப் போய்விட்டார். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறான் அண்ணன். வந்ததும் கை கழுவப் போனால் திரும்பிவர ரொம்ப நேரமாகிறது. தண்ணீர் ஓடுகிற சத்தத்தை நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்போம், ஒருவரையொருவர் பார்க்காமல்.

அப்பா போகிற வீட்டிலெல்லாம் "ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க" என்கிறாராம். என்ன வேலை என்று கேட்டால், "ரெண்டும் கோழி சம்பந்தமா" என்று சொல்லிவிட்டு மீட்டரைக் குனிந்து பார்க்கிறாராம். எதிர்வீட்டுக்காரர் சொன்னார். இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது அப்பா வாசலுக்கு வந்தார். "மழை வர மாதிரி இருக்கு. குடை எடுத்துக்கோ" என்றார். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. எடுத்துக்கொண்டேன்.

நானும் அண்ணனும் ஒரே நிறுத்தத்தில்தான் நிற்கிறோம். அவனுக்கு ஒரு பஸ், எனக்கு வேறு. இன்று அவன் திடீரென்று கேட்டான்:

"நான் அங்க போறது உனக்குப் புடிக்கலல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "புடிக்கல."

"எனக்கும்தான்" என்றான். சிரித்தான், பழைய நேர்முகத் தேர்வுச் சிரிப்பு இல்லை, வேறு. "ஆனா காலைல எந்திரிக்கப் புடிச்சிருக்கு. அதான் கொழப்பம்."

அவன் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினான். கூட்டத்துக்குள் எட்டி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்ட அவன் கை மட்டும் திருப்பம் வரைக்கும் தெரிந்தது.

தூறல் போட்டது. என் பஸ் இன்னும் வரவில்லை.